நம்ம ஊர் ஏர்போர்ட் பெரிசாகணுமா? பணம், நிலம், உங்கள் பங்கு

சேலத்துக்காரர் யாரிடமாவது "உங்க ஊர்ல ஏர்போர்ட் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "இருக்கு... ஆனா" என்றுதான் பதில் ஆரம்பிக்கும். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் முப்பது வருடக் கதை இருக்கிறது.

ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம் 1993-ல் திறக்கப்பட்டது. விமானம் வந்தது, நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. 2018 மார்ச் 25 அன்று 'உடான்' திட்டத்தின் கீழ் சென்னை-சேலம் சேவை தொடங்கியது. 2021-ல் அதுவும் நின்றுபோனது. 2023 அக்டோபரில்தான் மீண்டும் விமானங்கள் இறங்கத் தொடங்கின.

இத்தனை வருடமும் கட்டடம் அங்கேயேதான் இருந்தது, ஓடுதளமும் இருந்தது. அப்படியென்றால் ஒரு சின்ன விமான நிலையம் ஓடுவதற்கும் வளர்வதற்கும் வேறு என்ன வேண்டும்? அதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? யாருடைய நிலம் போகிறது? இதில் நீங்கள் எங்கே பேசலாம்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பாடம் 1: முதலில் ஓடுதளத்தைப் பாருங்கள்

ஏர்போர்ட் மேம்பாடு என்றதும் நமக்குக் கண்ணாடிக் கட்டடமும் ஏசி ஹாலும்தான் ஞாபகம் வரும். திட்டமிடுபவர்கள் முதலில் கேட்பது வேறு கேள்வி: எந்த விமானம் இறங்கப் போகிறது?

சேலம் ஓடுதளத்தின் நீளம் சுமார் 1,800 மீட்டர். எழுபது பேர் வரை ஏறும் ஏ.டி.ஆர். வகை விமானத்துக்கு இது போதும். 180 பேர் ஏறும் ஜெட் விமானம் முழு சுமையோடு கிளம்ப வேண்டுமென்றால் பொதுவாக இதைவிட நீளம் வேண்டும். ஓடுதளத்தை நீட்டினால் இரு முனையிலும் பாதுகாப்புப் பகுதி, விமானம் நிற்கும் தளம், தீயணைப்பு வசதி எல்லாமே கூடவே பெரிதாகும். அதனால்தான் விரிவாக்கம் என்ற பேச்சு எடுத்த உடனேயே நிலமும் பேச்சுக்கு வந்துவிடுகிறது.

தூத்துக்குடியைப் பாருங்கள். வாகைக்குளத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டது. சுமார் 450 கோடி ரூபாய்த் திட்டம். ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைக் கையாளும் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. இதற்குக் கூடுதல் நிலம் எடுக்கவேண்டி இருந்தது.

எல்லா ஊருக்கும் இவ்வளவு பெரிதாக வேண்டுமா? அவசியமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் உண்மையில் பறப்பார்கள் என்ற கணக்குதான் அதைத் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பாடம் 2: பணம் மூன்று பைகளிலிருந்து வருகிறது

முதல் பை, கட்டுமானப் பணம். ஓடுதளம், முனையம், கட்டுப்பாட்டுக் கோபுரம் போன்றவற்றுக்கானது. சேலம், தூத்துக்குடி இரண்டும் இந்திய விமான நிலைய ஆணையத்தின் கையில் உள்ளவை. அதனால் இந்தச் செலவு முக்கியமாக ஆணையத்தின் நிதியிலிருந்தும் மத்திய அரசின் ஒதுக்கீட்டிலிருந்தும் வருகிறது. சேவை இல்லாமல் கிடக்கும் அல்லது குறைவாக உள்ள 50 விமான நிலையங்களுக்கும் ஓடுதளங்களுக்கும் உயிர் கொடுக்க 2017-ல் மத்திய அமைச்சரவை 4,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது.

இரண்டாவது பை, விமானம் ஓட்டுவதற்கான பணம். சின்ன ஊருக்குப் பறக்கும் நிறுவனத்துக்கு ஆரம்பத்தில் நஷ்டம் வரலாம். அந்தப் பற்றாக்குறையை ஈடு செய்வதுதான் 'உடான்' திட்டத்தின் மையம். 2016-ல் திட்டம் வந்தபோது, ஒரு மணி நேரம் அல்லது சுமார் 500 கிலோமீட்டர் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று கட்டண உச்சவரம்பு வைத்தார்கள். இது விமானத்தின் எல்லா சீட்டுக்கும் அல்ல, சுமார் பாதி சீட்டுகளுக்கு. இதனால் ஏற்படும் பற்றாக்குறையில் 80 சதவீதத்தை மத்திய அரசுத் தரப்பும் 20 சதவீதத்தை மாநில அரசும் ஏற்கும்.

ஓர் எளிய உதாரணம்: ஒரு பயணத்தில் நிறுவனத்துக்கு 1 லட்சம் ரூபாய் ஈடு தரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 20,000 ரூபாய் நம் மாநிலத்தின் பணம். மீதி 80,000 ரூபாய் தனி நிதியம் ஒன்றிலிருந்து வரும். பெரிய நகரங்களுக்கு இடையே பறக்கும் விமானங்களிடம் வசூலிக்கும் சிறு தொகைதான் அந்த நிதியத்தை நிரப்புகிறது. சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகிறவர் தனக்கே தெரியாமல் சேலம் பயணிக்கு உதவுகிறார்!

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இந்த உதவிக்குக் கெடு உண்டு. வழக்கமாக ஒரு வழித்தடத்துக்கு மூன்று ஆண்டுகள். அதற்குள் அந்த வழித்தடம் தன் காலில் நிற்க வேண்டும். சீட்டுகள் காலியாகவே பறந்தால், கெடு முடிந்த பிறகு விமானம் தொடரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மூன்றாவது பை, மாநில அரசு பணமாகவும் சலுகையாகவும் தருவது. திட்ட விதிப்படி, தேவைப்படும் நிலத்தை மாநிலம் இலவசமாகக் கொடுக்க வேண்டும். போலீஸ் பாதுகாப்பும் தீயணைப்பும் இலவசம். மின்சாரம், தண்ணீர் சலுகை விலையில். உடான் விமான நிலையங்களில் நிரப்பும் விமான எரிபொருளுக்கு மதிப்புக் கூட்டு வரி 1 சதவீதம்தான். இவை எல்லாமே நம் வரிப்பணத்தோடு தொடர்புடையவை.

பாடம் 3: நிலம் என்றால் என்ன ஆகும்?

கட்டுமானத்துக்கான பணம் தாமதமானால் அடுத்த ஆண்டு வரலாம். எடுத்த நிலம் திரும்பி வராது. சேலம் விமான நிலைய விரிவாக்கப் பேச்சு 2018-ல் எழுந்தபோது காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி கிராம விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விமானம் வேண்டும் என்கிற நகரத்து வியாபாரியின் பேச்சில் நியாயம் இருக்கிறது. கிணறும் தோட்டமும் போகுமே என்கிற விவசாயியின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பேருக்குமே நடைமுறை தெரிந்திருப்பது நல்லது.

உங்கள் நிலத்துக்கு அறிவிப்பு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கிறார்கள் என்பது. 2013 நில எடுப்புச் சட்டமா, 1997 தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டமா என்பதைப் பொறுத்து நடைமுறை மாறும். 2013 சட்டத்தில் முதல்நிலை அறிவிப்பு வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் கலெக்டரிடம் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுக்கலாம். வாய்ப்பேச்சு போதாது. மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி, அதை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதே சட்டத்தில் சந்தை மதிப்பின் மேல் 100 சதவீத ஆறுதல் தொகையும் உண்டு. நிலம் சொந்தமில்லாத குத்தகைதாரரும் கூலித் தொழிலாளியும்கூட, மூன்று ஆண்டுகளாக அந்த நிலமே அவர்களின் முக்கியப் பிழைப்பாக இருந்தால், 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற கணக்கில் வருவார்கள். இது பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். பாகப் பிரிவினை வாய்மொழியாகவே நடந்திருக்கும். நிலம் யாருக்குச் சொந்தம் என்பதில் தகராறு வந்தால், இழப்பீட்டுத் தொகை உங்கள் கைக்கு வராமல் டெபாசிட்டில் போய் நின்றுவிடும். ஊரில் விரிவாக்கப் பேச்சு அடிபடுகிறது என்றால், அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல் வேலைகளை முடித்துவிடுங்கள். இரண்டுக்கும் இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

பாடம் 4: உங்கள் குரலுக்கான இடங்கள்

• கிராம சபை: விரிவாக்கம் பற்றிய ஊரின் கருத்தைத் தீர்மானமாகப் பதிவு செய்யலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள்.

• பொதுமக்கள் கருத்துக் கேட்பு: சுற்றுச்சூழல் அனுமதிக்காக இது நடத்தப்பட்டால், குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கையை கலெக்டர் அலுவலகத்தில் பார்க்கலாம். நீங்கள் பேசுவது பதிவாகும்.

• விமான நிலைய ஆலோசனைக் குழு: பொதுவாகத் தொகுதி எம்.பி. தலைமையில் கூடும். விமான நேரம், பஸ் வசதி, குடிநீர் போன்ற அன்றாடக் குறைகளை எம்.பி. அலுவலகம் வழியாக இங்கே கொண்டுபோகலாம்.

• தகவல் அறியும் உரிமைச் சட்டம்: 10 ரூபாய்க் கட்டணம், 30 நாட்களில் பதில். விமான நிலைய ஆணையம் மத்திய அரசின் கீழ் வருகிறது, நில எடுப்பு மாநில அரசின் வேலை. மனுவைச் சரியான இடத்துக்கு அனுப்பினால் அலைச்சல் மிச்சம்.

• திங்கட்கிழமை குறைதீர் கூட்டம்: கலெக்டர் அலுவலகத்தில் நேரில் மனு கொடுக்கலாம். முடியாதவர்களுக்கு 'முதல்வரின் முகவரி' உதவி எண் 1100 இருக்கிறது.

மாடி கட்டப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விமான நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரைகூடக் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு வரலாம். ஆணையம் தயாரித்திருக்கும் வண்ண மண்டல வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, தேவையென்றால் தடையில்லாச் சான்று வாங்கிய பிறகு அஸ்திவாரம் போடுங்கள்.

பயிற்சி: இன்றே பத்து நிமிடம்

போனை எடுங்கள். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணைய சேவையில் உங்கள் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து சிட்டாவைத் திறங்கள். பிறகு இந்த நான்கு கேள்விகளுக்கும் ஒரு தாளில் பதில் எழுதுங்கள்.

1. பட்டாவில் இருப்பது யார் பெயர்? அவர் உயிரோடு இருக்கிறாரா?
2. பரப்பும் எல்லையும் நீங்கள் அனுபவிக்கும் நிலத்தோடு பொருந்துகிறதா? புலப்படத்தோடு ஒப்பிட்டீர்களா?
3. உங்கள் ஊர் விமான நிலையத்திலிருந்து இப்போது எந்தெந்த ஊருக்கு விமானம் இருக்கிறது? உங்கள் வீட்டில் கடைசியாக அதில் போனவர் யார்?
4. விரிவாக்கம் பற்றி அடுத்த கிராம சபையில் நீங்கள் கேட்க விரும்பும் ஒரே கேள்வி எது?

முதல் இரண்டுக்கும் பதில் சரியாக இல்லையென்றால், நாளைக்கே இ-சேவை மையத்துக்குப் போய்விட்டு வாருங்கள். நான்காவதை மட்டும் மடித்துப் பத்திரமாக வையுங்கள். கிராம சபை நாளன்று சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போகத்தான்.