மணல்மேடு சரியுமுன் அளந்து வையுங்கள்

வன்னியில் மலையில்லை, ஆகவே மண்சரிவும் நமக்கில்லை என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகளை மண் மூடியதைப்போல முல்லைத்தீவில் நடக்காது என்பது சரிதான். ஆனால் கொக்கிளாயிலிருந்து செம்மலை, அளம்பில், சிலாவத்தை வழியாக முள்ளிவாய்க்கால் வரை கடலுக்கும் குடியிருப்புக்கும் நடுவே நிற்பது வெறும் மணல்மேடு. மலையில் மண் மேலிருந்து வந்து வீட்டை மூடும். இங்கே கடல் அடியை அரித்து அத்திவாரத்தை அந்தரத்தில் விடும். மலைச்சரிவு சில நிமிடத்தில் முடிந்துவிடும். மணற்கரையோ மாரிக்கு மாரி கொஞ்சங்கொஞ்சமாகப் பின்வாங்கும். அந்த மெத்தனத்தில்தான் நமக்கு அவகாசம் இருக்கிறது. அருகில் மணல் அகழ்வோ, இறங்குதுறையோ, விடுதிக் கட்டடமோ வரும் என்ற பேச்சு எழுந்தால், அது வருமுன்னரே கரையை அளந்து திகதியிட்டு வைத்த கொப்பி ஒன்று வீட்டில் இருக்கவேண்டும். வேலை தொடங்கிய பிறகு எடுக்கும் அளவுக்கு ஒப்பிட எதுவும் இராது.

முதலில் அசையாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: கிணற்றுக் கட்டு, வீட்டு மூலை, கோயில் மதில். அங்கிருந்து கடலை நோக்கி நேர்கோட்டில் இரண்டு முளைகள் அடியுங்கள். ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் அளக்க அவை வழிகாட்டும். ஐம்பது மீற்றர் இடைவெளியில் இப்படி மூன்று கோடுகளாவது வேண்டும், ஒரே இடத்தில் கடல் கொத்தியதைக் கரை முழுவதற்கும் பொருத்திப் பேசிவிடாமலிருக்க. அளவு முடியவேண்டிய இடம் தண்ணீர் விளிம்பு அல்ல. நம் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனாலும் தட்டையான கரையில் அது பல அடி தூரமாகத் தெரியும். அடம்பன் கொடி படர்ந்த மேடு முறிந்து இறங்கும் விளிம்பு வரை அளவெடுங்கள். மாதம் ஒருமுறை போதும். வாடைக்காலத்தில் வாரம் ஒருமுறை, புயலுக்கு மறுநாள் கட்டாயம். அளவுநாடா தெரியும்படி ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டக் குறிப்பில் அந்த அளவைப் பதியச் செய்தால், பிறகு யாரும் அதை வீட்டுக்காரரின் கற்பனை என்று தள்ளமுடியாது.

அளக்கும்போதே மேட்டின் முகத்தையும் பாருங்கள். ஈர மணல் செங்குத்தாக நிற்கும். அதை உறுதி என்று நம்பிவிடக்கூடாது. காய்ந்த மணலால் ஏறத்தாழ 30 முதல் 34 பாகைச் சரிவில்தான் நிற்கமுடியும். இரண்டு மீற்றர் உயர மேட்டின் அடியிலிருந்து விழும் மணலைக் கடல் அள்ளிக்கொண்டே போனால், மேல் விளிம்பு மூன்று மீற்றருக்கு மேல் உள்ளே வந்துதான் ஓயும். எனவே மேட்டின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் மலசலகூடமோ, குசினியோ, வலை வாடியோ இருந்தால் அதை நகர்த்தும் ஆயத்தத்தைத் தொடங்குங்கள். விளிம்புக்கு இணையாக வெடிப்பு ஓடுவதும், வேர்கள் அந்தரத்தில் தொங்குவதும், பனை கடற்பக்கம் சாய்வதும் அவசர அறிகுறிகள். பிள்ளைகளை மேட்டின் அடியில் விளையாட விடாதீர்கள். மேட்டுக்குப் பின்புறம் மண் தோண்டிய குழி இருந்தால் ஆபத்து இருபக்கமும் என்று கொள்ளுங்கள்.

இங்கே ஒரு மறுப்பு வரும்: வாடையில் கடல் எடுக்கும், சோளகத்தில் திருப்பித் தரும், இதற்கு ஏன் பதறவேண்டும்? கனிய மணல் அகழ்வோரும் இதையே சொல்வார்கள். புல்மோட்டையில் 1957இல் கூட்டுத்தாபனமாகத் தொடங்கப்பட்ட நிறுவனம் எடுக்கும் இல்மனைற் மணல் ஆண்டுதோறும் கடலால் நிரப்பப்படுகிறது என்பது நெடுங்காலப் பேச்சு. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் மக்கள் அகழ்வை எதிர்த்தபோதும் இந்தக் கேள்வியே நடுவில் நின்றது. வாயால் வாதாடி இதற்கு முடிவு காண இயலாது. கொப்பியால் இயலும். மார்கழி அளவைச் சித்திரையோடு ஒப்பிடாதீர்கள். இந்தச் சித்திரையைப் போன சித்திரையோடு ஒப்பிடுங்கள். விளிம்பு பழைய இடத்துக்கு வந்திருந்தால் அது பருவ மாற்றம். வராமல் ஆண்டுக்காண்டு குறைந்தால் எடுப்பது அதிகம், கொடுப்பது குறைவு. அது அகழ்வால் நேர்ந்ததென்று அளவு மட்டும் நிறுவாது. முகத்துவாரம் வெட்டிய நாள், கல்லணை போட்ட நாள், டிப்பர் ஓடிய நாட்கள் எல்லாவற்றையும் அதே கொப்பியில் எழுதிவைத்தால்தான் காரணம் பிடிபடும். நந்திக்கடல் வெள்ளத்தை வெளியேற்ற வட்டுவாகலில் வாய் திறப்பதுகூட அக்கம்பக்கக் கரையை மாற்றும்.

அடுத்தது கடிதம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் அபிவிருத்தி வேலைக்குக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அகழ்வென்றால் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரமும் தேவை. அவற்றின் பிரதியையும் நிபந்தனைகளையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே கேளுங்கள். தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்கவேண்டும். சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பார்வைக்கு வைக்கப்பட்டால் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. உங்கள் அளவை இணைக்கவேண்டிய இடம் அதுதான். கடிதத்தின் பிரதிகளைக் கிராம அலுவலருக்கும் கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்து, திகதி முத்திரையோடு ஒன்றை வாங்கி வையுங்கள். மேடு வெடித்து ஆபத்து நெருங்கினால் கடிதத்துக்குக் காத்திராமல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள்.

கல்லைக் கொட்டினால் தீராதா என்பார்கள் சிலர். உங்கள் வாசலில் கொட்டிய கல் அலையின் வேகத்தை அடுத்த வீட்டு வாசலுக்கு அனுப்பும். அதற்கும் அனுமதி வேண்டும். அடம்பனையும் இராவணன் மீசையையும் பிடுங்காமல் விடுவது செலவில்லாத காவல், ஆனால் அடி அரிபடும் மேட்டை அவையும் தனியே தாங்கா. இடம்பெயர்ந்துவிடுங்கள் என்பது இன்னும் எளிதாகச் சொல்லப்படும் யோசனை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வடக்கு கிழக்கில் 200 மீற்றர் தடைவலயம் அறிவித்து, பின்னர் தளர்த்தினார்கள். கரைவலைக்காரரைப் பாட்டிலிருந்து, அதாவது வலை இழுக்கும் கரையிலிருந்து, பிரிக்கமுடியாது என்பது அப்போதே தெரிந்த சங்கதி. மீரியபெத்தையிலும் எச்சரிக்கை முன்னரே இருந்தது, போக இடந்தான் இருக்கவில்லை. ஆகவே கடிதத்தில் ஆபத்தோடு நிறுத்தாமல், பாட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் மாற்றுக் காணியையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வாடை ஐப்பசியில் எழும். புரட்டாதி முடியுமுன் முளைகளை அடித்து, முதல் அளவை எழுதிவிடுங்கள்.