பழைய அம்பாசடரில் துருவா? பட்டறைக்குப் போகுமுன் சில குறிப்புகள்

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, அரூர், பென்னாகரம் பக்கம் வீட்டுக் கொட்டகையில் அப்பா ஓட்டிய அம்பாசடரோ பியட்டோ தூசு படிந்து நிற்பதை அங்கங்கே பார்க்கலாம். 1958 முதல் 2014 மே மாதம் வரை கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடருக்கு எஞ்சின் வேலை தெரிந்த கை எளிதில் கிடைக்கும். ஆனால் வண்டியைக் கொல்வது துரு. அதை எப்படி எடுப்பது, யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

1. பழைய வண்டி வாங்குவதாக இருந்தால், அது எந்த ஊரில் ஓடியது என்று முதலில் கேளுங்கள். கடலோர உப்புக்காற்றில் பல வருடம் நின்ற வண்டி வெளியே பளபளத்தாலும் அடித்தளம் இற்றிருக்கலாம். தர்மபுரி, சேலம் போன்ற கடலிலிருந்து தள்ளிய ஊர்களில் ஓடிய வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு.

2. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, மட்கார்டு, கதவின் அடிப்பகுதி, டிக்கி ஓரம் எல்லாம் மெதுவாக நகர்த்துங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் தகரம் இல்லை, பட்டி இருக்கிறது. பெயின்ட் பளபளப்பைக் காட்டி விலை சொல்பவரிடம் பேரம் பேச இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

3. துரு வெளியே தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். கதவின் அடிமடிப்பு, முன்கண்ணாடி ரப்பர் பீடிங்கின் கீழ், சக்கரத்துக்கு மேலே சேறு தங்கும் மடிப்பு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, பேட்டரி உட்காரும் தட்டு, மிதியடிக்குக் கீழே உள்ள தரை ஆகிய இடங்களைக் கையால் தடவிப் பாருங்கள். மிதியடியைத் தூக்காமல் வண்டி பார்த்தேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

4. பெயின்ட் கொப்புளித்த இடத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் மேல்துரு, கம்பி பிரஷும் உப்புத்தாளும் போதும். மந்தமாகச் சத்தம் வந்தாலோ, முனையால் அழுத்தும்போது அது உள்ளே இறங்கினாலோ, நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுத்து ஒட்டுப் போடத்தான் வேண்டும்.

5. இந்தக் குறிப்பை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். லாரியைப் போல அம்பாசடருக்கும் பியட்டுக்கும் தனிச் சேசிஸ் கிடையாது, உடம்பே சேசிஸ். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதிதான் வண்டியை வளையாமல் தாங்குகிறது. அது இற்றுப்போயிருந்தால் அவசரப்பட்டு வெட்டக்கூடாது. சமமான சிமென்ட் தரையில், நான்கு பக்கமும் உறுதியான ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தி, கதவு இடைவெளிகளை அளந்து எழுதி வைத்து, கதவுக்கட்டின் குறுக்கே ஆங்கிள் கம்பியைத் தற்காலிகமாக வெல்டிங் வைத்த பிறகே வெட்ட வேண்டும். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பின்புதான் மறுபக்கம். இரண்டையும் ஒரே நாளில் திறந்துவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அப்புறம் எந்தக் கதவும் ஒழுங்காக மூடாது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அதற்குத் தனிச் சேசிஸ் உண்டு, உடம்பு போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது.

6. வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். சீட், தரைவிரிப்பு, அருகிலுள்ள ஒயர்கள் எல்லாம் வெளியே வரட்டும். பெட்ரோல் டேங்க் பக்கம் வேலை என்றால் டேங்கையே இறக்கி தூரத்தில் வையுங்கள். காலி டேங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும். தீயணைப்பான், ஒரு வாளி மணல், கூட ஓர் ஆள் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

7. போல்ட், நட்டு, கீல், பிராக்கெட் போன்ற சின்னச் சாமான்களுக்குக் கடையில் மருந்து வாங்கத் தேவையில்லை. புளி நம் மாவட்டத்துச் சரக்கு. சமையலுக்கு ஆகாத பழம்புளியை வெந்நீரில் கரைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் சாமான்களை மூழ்கப் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். புளியிலுள்ள அமிலம் துருவை இளக்கிவிடும். காலையில் பிரஷால் தேய்த்து, சமையல் சோடா கலந்த நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, உடனே எண்ணெய் பூசுங்கள். எண்ணெய் பூசத் தாமதித்தால் மதியத்துக்குள் மறுபடி செம்மை ஏறும். வண்டியின் உடம்பில் மட்டும் புளிக்கரைசலை ஊற்றாதீர்கள். இரண்டு தகடு சேரும் மடிப்பில் அமிலம் தங்கிவிட்டால் கழுவி எடுக்க முடியாது.

8. கழிப்பறை கழுவும் ஆசிட்டைத் துருவின் மேல் ஊற்றுவது சில இடங்களில் பழக்கம். துரு கண்ணெதிரே கரையும், உண்மைதான். ஆனால் அதிலுள்ள குளோரைடு தகரத்தில் தங்கி, முன்னைவிட வேகமாகத் துருவைக் கொண்டுவரும். மருந்து வேண்டுமென்றால் பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துரு நீக்கி வாங்குங்கள். கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

9. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த தேய்ப்புத் தூசியை முகக்கவசம் இல்லாமல் சுவாசிக்கக் கூடாது. தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நல்லது. குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

10. ஒட்டுக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட் பெரும்பாலும் போதும், ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் கனம். பாரம் தாங்கும் இடத்துக்கு 18 கேஜ். கூரைத் தகடு மிச்சம் இருக்கிறதே என்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டை வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். துத்தநாகப் புகை வெல்டருக்குக் காய்ச்சலை உண்டாக்கும், ஒட்டும் சரியாகப் பிடிக்காது. மெல்லிய தகட்டுக்கு, பட்டறைகளில் சி.ஓ.2 என்று சொல்லும் வெல்டிங்தான் ஏற்றது. கம்பி ராடு வைத்துச் செய்யும் சாதாரண வெல்டிங்கில் தகடு ஓட்டையாகிவிடும். ஒரே கோடாக இழுக்காமல், இங்கொரு பொட்டு அங்கொரு பொட்டாக வைத்து, ஆறவிட்டு, பிறகு இடைவெளியை நிரப்பச் சொல்லுங்கள். சூடு ஒரே இடத்தில் ஏறினால் தகடு நெளியும். நெளிந்த பானெட்டை நிமிர்த்த நல்ல டிங்கருக்கே நாள் கணக்கில் ஆகும். துருத் தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டிவிட்டுப் போகிறவரிடம் இரண்டாவது முறை போகாதீர்கள்.

11. நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் கடினமானது. காய்ந்தால் வெள்ளையாக உப்புப் படியும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் பின்னால் கொப்புளிக்கும். பிரைமருக்கு முந்தைய கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் பயன்படுத்தி, துணியால் ஒற்றி, தின்னர் தொட்ட துணியால் ஒரு முறை துடையுங்கள்.

12. ரெட் ஆக்சைடு அடித்தாயிற்று, இனி பயமில்லை என்று வண்டியை மாதக்கணக்கில் வெளியே நிறுத்துகிறார்கள். பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். மேல் பெயின்ட்தான் தடுக்கும். எபாக்சி பிரைமர் விலை கூடுதல், ஆனால் தகரத்தின் மேல் நேரடியாக அடிக்க அதுவே சிறந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயின்ட் வேலை வைக்காதீர்கள். ஈரக்காற்றில் என்.சி. பெயின்ட் வெளிறிப் போகும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம்.

13. பட்டி கெட்டதல்ல, கனமான பட்டிதான் கெட்டது. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் டிங்கரிங் சரியில்லை என்று பொருள். ஓட்டையைப் பட்டியால் அடைப்பது துருவுக்கு மூடி போட்டு வளர்ப்பதுதான்.

14. வேலை முடிந்ததும் கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளில் கம்பி விட்டுப் பாருங்கள். பெயின்டும் பட்டியும் அவற்றை அடைத்திருக்கும். கதவுக்குள்ளும் பெட்டிப் பகுதிகளுக்குள்ளும் துருத்தடுப்பு மெழுகு பீய்ச்சச் சொல்லுங்கள். வெளியே அடிக்கும் பெயின்டைவிட இதுவே வண்டியின் ஆயுளைக் கூட்டும். கழிவு எஞ்சின் ஆயிலை அடியில் பூசும் பழைய வழக்கம் வேண்டாம், ரப்பர் புஷ்கள் ஊறிக் கெடும்.

15. மண்தரையிலோ புல்லிலோ நிறுத்தாதீர்கள். நனைந்த துணி உறையைப் போர்த்தியபடி விடாதீர்கள். எலி கூடு கட்டினால் உடனே அகற்றுங்கள், அதன் சிறுநீர் தகரத்தை அரிக்கும்.

16. வெட்டும் இடத்தில் சேசிஸ் எண் பொறித்திருக்கிறதா என்று முதலில் பார்த்து, படம் எடுத்து வையுங்கள். எண் போனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதில் சொல்லி மாளாது. முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டியை 2021-ல் வந்த மத்திய விதிப்படி ‘விண்டேஜ்’ வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், எண்ணில் ‘வி.ஏ.’ எழுத்து வரும். ஆனால் உடம்பும் எஞ்சினும் அசல் வடிவில் இருக்க வேண்டும், அன்றாடம் சாலையில் ஓட்டவும் அனுமதி இல்லை.