காட்டின் கீழே களி: பனியாறு விட்டுச்சென்ற மண்ணைப் படிப்போம்

'எந்த மண் வளமான மண்?' என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 'காட்டு மண்' என்ற விடை உடனே வரும். 'ஏன்?' என்று அடுத்து கேளுங்கள். 'அங்கேதானே பெரிய பெரிய மரங்கள் வளர்கின்றன!' என்பார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றும். ஆனால், இதே கணக்கைப் போட்டு ஒரு தலைமுறை உழவர்கள் ஏமாந்த கதை ஒன்று உண்டு. கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் நடந்த கதை அது. அந்தக் காட்டு மண் எப்படி உருவானது, அதன் அடுக்குகள் என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொண்டால், மண்பாடத்தை இன்னும் தெளிவாக நடத்தலாம்.

பனியாறு கொண்டுவந்த மூலப்பொருள்

ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய கனடாவின் பெரும்பகுதியைக் கண்டப் பனிவிரிப்பு மூடியிருந்தது. கிலோமீட்டர் கணக்கில் தடிமன் கொண்ட அந்தப் பனி நகரும்போது, கீழிருந்த பாறைகளைப் பெயர்த்தது, அரைத்தது, இழுத்துக்கொண்டே சென்றது. பிறகு தட்பவெப்பம் மாறிப் பனி உருகியபோது, சுமந்து வந்த எல்லாவற்றையும் அங்கங்கே போட்டுவிட்டுப் பின்வாங்கியது.

ஆறு படியவைக்கும் பொருளுக்கும் பனியாறு படியவைக்கும் பொருளுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஆறு சலித்துப் போடும். வேகம் மிகுந்த இடத்தில் கூழாங்கல், வேகம் தணிந்த இடத்தில் மணல், தேங்கிய இடத்தில் களி என்று பிரித்து வைக்கும். பனியாறு அப்படிப் பிரிப்பதில்லை. பெரும்பாறை, சரளை, மணல், வண்டல், களி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். இந்தக் கலவைப் படிவுக்கு 'டில்' என்று பெயர். மாணவர்கள் பாடத்தில் படிக்கும் மொரைன்கள் இந்த டில்லால் ஆனவையே. ஆல்பர்ட்டாவில் டில் படிவுகள் பெரும்பாலும் களி கலந்தவை. சுண்ணாம்புச் சத்து உள்ளவை. இந்த இரண்டு பண்புகளையும் நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இவையே அடிப்படை.

மேலிருந்து கீழே நான்கு அடுக்குகள்

பனி விலகிய நிலத்தில் மெல்ல மெல்லக் காடு வந்தது. ஆஸ்பென், பாப்லர், வெள்ளை ஸ்புரூஸ் மரங்கள் வளர்ந்தன. அந்தக் காட்டில் ஒரு குழி தோண்டி, மண்ணின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் பார்த்தால் நான்கு அடுக்குகள் தெரியும்.

முதலாவது, சருகு அடுக்கு. புதிதாக விழுந்த இலைகள் மேலே, பாதி மட்கியவை நடுவே, முழுதும் மட்கியவை அடியில் என்று இருக்கும். சில சென்டிமீட்டர் தடிமன்தான்.

இரண்டாவது, சாம்பல் நிற அடுக்கு. இதில் களியும் குறைவு, மட்கும் குறைவு. கையில் எடுத்தால் மெல்லிய தகடுகளாக உதிரும்.

மூன்றாவது, களி சேர்ந்த பழுப்பு அடுக்கு. ஈரத்தில் பிசுபிசுக்கும், காய்ந்தால் கட்டிகளாக இறுகும். கட்டியை உடைத்து வெளிச்சத்தில் திருப்பினால், அதன் பரப்பில் மெழுகு பூசியதுபோல ஒரு மினுமினுப்புத் தெரியும். அது மேலிருந்து வந்து ஒட்டிய களிப்படலம்.

நான்காவது, மாறாத டில். இதன்மேல் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். சுண்ணாம்பு இன்னும் இங்கே இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

இந்த மண்ணைக் கனடாவின் மண் வகைப்பாடு 'சாம்பல் லூவிசால்' என்கிறது. கழுவுதல் என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அந்த நாட்டின் 10 மண் வரிசைகளுள் லூவிசாலும் ஒன்று.

களி ஏன் கீழே இறங்கியது?

களித்துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. இவ்வளவு சிறியது மழைநீரோடு எளிதில் இறங்கிவிடும் அல்லவா? ஆனால், சுண்ணாம்பு இருக்கும்வரை அப்படி இறங்குவதில்லை. சுண்ணாம்பிலுள்ள கால்சியம், களித்துகள்களைத் திரளாகப் பிடித்து வைத்திருக்கும். கலங்கிய குளத்து நீரில் படிகாரத்தைக் கலக்கினால் அழுக்குத் திரண்டு அடியில் படிகிறதே, ஏறத்தாழ அதுபோன்ற வேலைதான் இது. அங்கே அலுமினியம் செய்வதை இங்கே கால்சியம் செய்கிறது.

மழைநீர் காற்றிலும் சருகிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு வலிமை குறைந்த அமிலமாகிறது. அது பல ஆண்டுகள் இறங்கி இறங்கி, மேலடுக்கின் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துச் செல்கிறது. கட்டிவைத்த கால்சியம் போனதும் களித்துகள்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. நீரோடு கீழே நகர்கின்றன. கீழே காய்ந்த மண் நீரை உறிஞ்சிக்கொள்ளும் இடத்திலோ, மறுபடியும் சுண்ணாம்பு எதிர்ப்படும் இடத்திலோ அவை நின்றுவிடுகின்றன. மேலே களியிழந்த சாம்பல் அடுக்கும் கீழே களி சேர்ந்த பழுப்பு அடுக்கும் இப்படித்தான் உருவாயின. இதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின.

எவ்வளவு களி சேர்ந்தால் அதைக் 'களி சேர்ந்த அடுக்கு' என்று ஏற்கலாம்? இதற்குக் கணக்கு இருக்கிறது. மேலடுக்கில் களி 15 முதல் 40 விழுக்காட்டுக்குள் இருந்தால், கீழடுக்கில் அதைப்போல் குறைந்தது 1.2 மடங்கு இருக்க வேண்டும். மேலே 20 விழுக்காடு என்றால் கீழே குறைந்தது 24 விழுக்காடு. விகிதம் கற்பிக்கும் கணித ஆசிரியரும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். ஊசியிலைக் காட்டு மண் என்றதும் பாட்சால் என்றே மாணவர்கள் எழுதுவார்கள். பாட்சாலில் முதன்மையாக இடம்பெயர்வது இரும்பும் அலுமினியமும் மட்கும். அது பெரும்பாலும் மணற்பாங்கான, அமிலத்தன்மை மிக்க மூலப்பொருளில் உருவாகும். லூவிசாலில் இடம்பெயர்வது களி. இரண்டிலும் சாம்பல் அடுக்கு இருக்கும். ஆனால், அதன் கீழே என்ன சேர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

மூலப்பொருள் ஒன்று, மண் இரண்டு

எட்மண்டன் நகரைச் சுற்றியுள்ள நிலமும் பனியாற்றுக் காலப் படிவுகளின்மேல் உருவானதே. ஆனால், அங்கே கறுத்த, செழிப்பான செர்னோசெம் மண்ணைக் காணலாம். காட்டுப் பகுதிக்குள் சென்றால் சாம்பல் லூவிசால். ஒரே மாதிரியான டில் படிவின்மேல் இப்படி இரு மண்கள் உருவாவதற்குத் தாவரம் ஒரு பெரிய காரணம்.

புல்லின் உடலில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கும் வேர்தான். வேர்கள் ஆண்டுதோறும் மடிந்து, மண்ணுக்குள்ளேயே மட்கி, அதைக் கறுப்பாக்குகின்றன. மரம் தன் இலையை மண்ணின்மேல் உதிர்க்கிறது. அது மேலேயே மட்குகிறது. வெளிப்படும் சத்தை மேற்பரப்பு வேர்கள் உடனே எடுத்துக்கொள்கின்றன. இலை, சருகு, வேர், மீண்டும் இலை என்று சத்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. கனிம மண்ணுக்குள் அது அதிகம் தங்குவதில்லை. காட்டின் செல்வத்தில் பெரும்பங்கு மரத்திலும் சருகிலும் இருக்கிறது.

மண் உருவாக்கத்தின் ஐந்து காரணிகளான தட்பவெப்பம், உயிரினங்கள், நில அமைப்பு, மூலப்பொருள், காலம் ஆகியவற்றை 1941இல் ஹான்ஸ் ஜென்னி தம் நூலில் முறைப்படுத்தினார். இவற்றை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, 'ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?' என்று கேட்பது நல்லது. அந்தக் கேள்விக்கு ஆல்பர்ட்டாவின் இந்த இரு மண்களும் பொருத்தமான எடுத்துக்காட்டு.

காட்டை வெட்டிய பிறகு

1872ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, கனடாவின் மேற்குப் பகுதியில் 10 டாலர் பதிவுக் கட்டணம் செலுத்தியவர்களுக்கு 160 ஏக்கர் நிலம் கிடைத்தது. அங்கே குடியிருந்து பயிர் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. புல்வெளி நிலங்கள் முடிந்ததும் மக்கள் காட்டுக்குள் போனார்கள். எட்மண்டனுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிரெட்டன் என்ற ஊர் அப்படிப்பட்டது. அங்கே முதலில் குடியேறியவர்களுள், நிறவெறியிலிருந்து தப்பி அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்களும் இருந்தன.

மரத்தை வெட்டி, கட்டையைப் பெயர்த்து, எரித்து, உழுது விதைத்தார்கள். சருகு அடுக்கு கரைந்ததும் உண்மை வெளிப்பட்டது. உழுத மண்ணில் பெரும்பகுதி சாம்பல் அடுக்கு. அதில் மட்கு குறைவு, நைட்ரஜன் குறைவு, பல இடங்களில் கந்தகமும் குறைவு. மழை பெய்து காய்ந்தால் மேற்பரப்பு ஓடுபோல இறுகியது. முளை அதை உடைத்து வெளியே வரத் திணறியது. கீழே களி அடுக்கு, நீரும் வேரும் இறங்குவதைத் தடுத்தது. கறுப்பு மண்ணில் செய்ததுபோல ஓராண்டு கோதுமை, ஓராண்டு தரிசு என்று பயிரிட்டால் விளைச்சல் தேறவில்லை.

இதற்கு விடை தேட, 1929-30ஆம் ஆண்டுகளில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் பிரெட்டனில் ஆய்வு வயல்களை அமைத்தது. ஒருபுறம் கோதுமை–தரிசு என்ற ஈராண்டுச் சுழற்சி. மறுபுறம் தானியங்களோடு பயறுவகைத் தீவனப் பயிரையும் சேர்த்த ஐந்தாண்டுச் சுழற்சி. சில பாத்திகளுக்குத் தொழுஉரம், சிலவற்றுக்கு இரசாயன உரம், சிலவற்றுக்கு எதுவும் இல்லை. பயறுவகைப் பயிரும் தொழுஉரமும் சேர்ந்த பாத்திகளில் மண்ணின் கரிமப்பொருளும் விளைச்சலும் மேம்பட்டன; தரிசுச் சுழற்சி பின்தங்கியது. அந்த வயல்களில் ஆய்வு இன்றும் தொடர்கிறது. மரம் இலையாகக் கொடுத்ததை, உழவர் பயிர்ச் சுழற்சியாகவும் எருவாகவும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க நிலை: ஈரமண்ணைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து நாடாபோல அழுத்தித் தள்ளச் சொல்லுங்கள். நாடா நீளமாக வந்தால் களி அதிகம். உடனே உடைந்தால் மணல் அதிகம்.

நடுநிலை: ஒளிபுகும் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி நீர், சிறிது சலவைத்தூள் இட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் படிந்துவிடும். வண்டல் மெல்லப் படியும். களி மறுநாளும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும்.

உயர்நிலை: துகள் படிய ஆகும் நேரம், அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 0.05 மில்லிமீட்டர் துகள் 10 சென்டிமீட்டர் இறங்க ஏறத்தாழ 45 நொடிகள் ஆகும். அதில் 25இல் ஒரு பங்கு விட்டமுள்ள 0.002 மில்லிமீட்டர் துகளுக்கு 625 மடங்கு, அதாவது ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். மாணவர்களே கணக்கிடட்டும்.

சுண்ணாம்பின் வேலை: களிமண் கலக்கிய நீரை இரு கண்ணாடிக் குவளைகளில் எடுங்கள். ஒன்றில் மட்டும் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஆசிரியரே ஊற்ற வேண்டும். கண்ணில் படாமல் கவனம் தேவை. எது முதலில் தெளிகிறது? சுண்ணாம்பு கரைந்துபோன மேலடுக்குக்கு எந்தக் குவளை பொருந்தும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் மாணவர்கள் விடை கண்டுவிட்டால் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.

நம்மூர்ச் செம்மண்ணில்

தமிழ்நாட்டுச் செம்மண் பனியாறு தந்ததல்ல. பெரும்பாலும் கிரானைட், நைஸ் போன்ற பாறைகள் சிதைந்து உருவானது. ஆனாலும், களி கீழே இறங்கிச் சேர்வது நம் செம்மண் நிலங்கள் பலவற்றிலும் நடந்திருக்கிறது. அமெரிக்க மண் வகைப்பாட்டில் இவ்வகைச் செம்மண் 'ஆல்ஃபிசால்' என்ற வரிசையில் வருகிறது. வட அமெரிக்காவின் பனியாற்றுப் படிவுகளில் உருவான களி சேர்ந்த காட்டு மண்களும் அதே வரிசையில்தான் இடம்பெறுகின்றன.

ஊரில் எங்கேனும் வீட்டுக்கு அடித்தளம் தோண்டினால், மேலிருந்து 10 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணையும், 60 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணையும் கேட்டு வாங்கி வாருங்கள். மாணவர்களைக் குழிக்குள் இறக்க வேண்டாம். இரண்டையும் நாடாவாக அழுத்திப் பார்க்கட்டும். எது நீளமாக வருகிறது என்று குறிப்பேட்டில் எழுதட்டும். எந்த விடை வந்தாலும், காரணத்தை அவர்களே விவாதிக்கட்டும்.

அதன்பிறகு, 'எந்த மண் வளமான மண்?' என்று மறுபடியும் கேளுங்கள். 'அதில் என்ன வளர்கிறது என்று பார்த்தால் போதாது சார், சத்து எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்' என்று ஒரு மாணவராவது சொன்னால், அந்தப் பாடவேளை வீண்போகவில்லை.