கார்வெட் தெர்மோஸ்டாட்: 71-ஆ, 82-ஆ, 86-ஆ?

1997 முதல் 2004 வரை அமெரிக்காவில் தயாரான ஐந்தாம் தலைமுறை செவ்ரலே கார்வெட்டில் 5.7 லிட்டர் அலுமினிய வி8 எஞ்சின் இருக்கிறது. கம்பெனி பொருத்தித் தரும் தெர்மோஸ்டாட் 86 டிகிரி செல்சியஸ் வாக்கில் திறக்கத் தொடங்கும். அதைக் கழற்றிவிட்டு 71 டிகிரியில் திறப்பதைப் போட்டால் சூடு குறையும், பவர் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அங்கே கடைகளில் அதை 160 ஃபாரன்ஹீட் என்று கேட்டு வாங்குவார்கள். நம்பிக்கை பாதிதான் சரி. அந்தப் பாதிக்காக எஞ்சினின் ஆயுளைக் கரைக்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை

• தெர்மோஸ்டாட் எதைக் காக்கிறது என்று முதலில் தெளிவாகுங்கள். ஓடும் எஞ்சினின் சூடு ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. மேலே எவ்வளவு ஏறும் என்பது ரேடியேட்டர், ஃபேன், உள்ளே வரும் காற்று ஆகியவற்றைப் பொறுத்தது. முழுக்கத் திறந்துவிட்டால் 71-க்கும் 86-க்கும் வித்தியாசம் கிடையாது. பந்தயத் தடத்தில் 110 டிகிரியைத் தொடும் கார், 71 போட்டாலும் கொஞ்சம் தாமதித்து அதே 110-க்குத்தான் வரும்.

• ஃபேன் எப்போது சுற்றத் தொடங்குகிறது என்று பாருங்கள். இந்தக் காரில் ஒரு பட்டனை அழுத்தினால் கூலன்ட் சூடு எண்ணாகவே தெரியும். ஏசி ஓடாதபோது, கம்பெனி செட்டிங்கில் ஃபேனின் முதல் வேகம் 108 டிகிரி வாக்கில்தான் வரும். இரண்டாவது வேகம் 113 வாக்கில். ஃபீனிக்ஸ் நகரத்துக் கோடையில் சிக்னலில் நிற்கும்போது எண் 100-ஐத் தாண்டினால் தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அது எப்போதோ திறந்துவிட்டது, காற்றுதான் போகவில்லை. எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூவில் ஃபேன் ஓடத் தொடங்கும் அளவையும் இறக்கினால்தான் 71 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்கு அர்த்தம் உண்டு.

• காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். இந்தக் கார் காற்றை முன் பம்பருக்கு அடியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அங்கே தொங்கும் பிளாஸ்டிக் தடுப்புதான் காற்றை ரேடியேட்டர் பக்கம் திருப்பிவிடும். வேகத்தடையில் உரசி அது உடைந்திருக்கும், பலர் கவனிப்பதே இல்லை. ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள்: காய்ந்த இலை, பாலிதீன் பை, பஞ்சு எல்லாம் மெத்தையாக அடைந்திருக்கும். அதை எடுத்துப்போட்டாலே சூடு இறங்கிவிடுகிற கார்கள் நிறைய. புதிய தெர்மோஸ்டாட் வாங்கும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும்.

• ஓட்டும் விதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தினமும் ஆபீஸ், கடைத்தெரு என்று ஓடும் காருக்கு 86 போதும். வெப்பம் மிகுந்த ஊர், ஈசியூ டியூன் செய்த கார் என்றால் 82 நல்ல நடுவழி. என் வாக்கு இதற்குத்தான். 71 என்பது தடத்தில் மட்டும் ஓடும் காருக்கு. அதுவும் ஃபேன் செட்டிங்கை மாற்றி, ஆயில் சூட்டையும் கவனித்துக்கொண்டிருப்பவருக்கு.

• புதியதாக இருந்தாலும் பொருத்தும் முன் சோதியுங்கள். பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து மெல்லச் சூடேற்றுங்கள். உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிய, வால்வு மயிரிழை அளவு விலகும். அந்த நேரத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

• தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டு ஓட்டாதீர்கள். இந்த எஞ்சினில் அது வாட்டர் பம்பின் உள்வாயில் இருக்கிறது. திறக்கும்போது அதன் பின்பக்கத் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். எடுத்துவிட்டால் அந்த வழி திறந்தே கிடக்கும். கொதிக்கும் கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பும். குளிரும் என்று நினைத்துச் செய்தது சூட்டைக் கூட்டிவிடும்.

• மிச்சிகன் போன்ற பனி ஊரில் 71-ஐ வைத்துக்கொண்டு குளிர்காலத்தைத் தள்ளாதீர்கள். குறுகிய தூரம் ஓடும் காரில் ஆயில் சரியாகச் சூடேறாது. எரிதலில் பிறக்கும் ஈரமும் கசியும் பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கி அதைக் கெடுக்கும், சிலிண்டர் தேய்மானம் கூடும். ஹீட்டரும் வெதுவெதுப்போடு நின்றுவிடும். போதாததற்கு எஞ்சின் விளக்கு எரிந்து பி0128 கோடு வரலாம். கூலன்ட் எதிர்பார்த்த சூட்டை எட்டவில்லை என்று பொருள்.

• தெர்மோஸ்டாட் மாற்றியதாலேயே குதிரைசக்தி கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எஞ்சின் குளிர்ந்திருந்தால் நாக்கிங் குறையும், இக்னிஷன் டைமிங்கை ஈசியூ பின்னுக்கு இழுக்க வேண்டியிருக்காது. மிச்சமாவது அவ்வளவுதான்.

• சூடான எஞ்சினில் கூலன்ட் மூடியைத் திறக்காதீர்கள். ஆரஞ்சு நிற டெக்ஸ்கூல் கூலன்ட் இருக்கும் இடத்தில் பழைய பச்சைக் கூலன்டைக் கலக்காதீர்கள்.

• தெர்மோஸ்டாட், ஃபேன் செட்டிங், கூலன்ட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, அதே சாலையில் ஏறக்குறைய அதே வெயிலில் ஓட்டி, கூலன்ட், ஆயில் இரண்டின் சூட்டையும் எழுதி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.