பாய்மரப் படகின் டீசல் எஞ்சின்: எரிபொருள் வழியில் நேரும் கோளாறுகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

காற்றின் துணைகொண்டு செல்லும் படகிற்கு எஞ்சின் எதற்கு என்று மாணவர் வினவுதல் இயல்பு. நடுக்கடலில் பாயே போதுமானது. ஆயின், துறைமுக வாயிலிலும், பவளப்பாறைகளுக்கு இடைப்பட்ட குறுகிய வழியிலும், காற்று அடங்கியபின் நீரோட்டம் படகைக் கரைப்பக்கம் இழுக்கும் போதும் எஞ்சின் ஒன்றே துணையாகும். அவ்வேளையில் அது நின்றுவிட்டால் படகும் அதிலுள்ளோர் உயிரும் இடருக்கு உள்ளாகின்றன. ஆகவே, நின்ற எஞ்சினை ஒழுங்கான முறையில் ஆராயும் பழக்கத்தை அந்தமான் தீவுகளின் களப்பணியாளரும் ஆசிரியரும் கற்றுப் பிறர்க்கும் கற்பித்தல் நலம்.

எரிபொருள் செல்லும் வழி

ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. சிலிண்டரில் காற்று மிகுதியாக அழுத்தப்படுவதால் சூடேறுகிறது. அதனுள் தெளிக்கப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. எனவே, நல்ல நிலையிலுள்ள டீசல் எஞ்சின் இயங்கத் தேவையானவை இரண்டு: தடையற்ற காற்று, தூய எரிபொருள்.

படகில் எரிபொருள் தொட்டியிலிருந்து புறப்பட்டு, நீரைப் பிரிக்கும் முதல் வடிகட்டி வழியாக ஊட்டு பம்பை அடைகிறது. அப்பம்பு அதை இரண்டாம் வடிகட்டிக்குள் தள்ளுகிறது. பின்னர் அழுத்து பம்பு அதை ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்திற்கு உயர்த்தி, நாஸில் வழியே சிலிண்டருக்குள் தெளிக்கிறது. ஊட்டு பம்பு வரையுள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. அதற்கு அப்பாலுள்ளது தள்ளும் பகுதி. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்துதல் இன்றியமையாதது.

மூன்று பகைகள்

காற்று, நீர், அழுக்கு ஆகிய மூன்றுமே எரிபொருள் வழியின் பகைகள்.

முதலாவது காற்று. 10 கிலோவாட் ஆற்றலுள்ள இரண்டு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடும்போது, ஒவ்வொரு தெளிப்பிலும் செலவாகும் எண்ணெய் ஏறத்தாழ 17 கன மில்லிமீட்டரே. இது ஒரு சொட்டின் பாதிக்கும் குறைவு. இத்துணைச் சிறிய அளவைத் தள்ளும் பம்பில் ஒரு காற்றுக்குமிழி புகுந்தால், பம்பின் தள்ளல் முழுவதும் அக்குமிழியைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும், நாஸில் திறவாது. இதனையே மெக்கானிக்குகள் ‘ஏர் பிடித்துவிட்டது’ என்பர். தள்ளும் பகுதியில் கசிவு இருப்பின் எண்ணெய் வெளியே ஒழுகும், கண்ணுக்குப் புலப்படும். தொட்டி பம்பைவிடத் தாழ்ந்திருக்கும்போது, உறிஞ்சும் பகுதியிலுள்ள கசிவில் எண்ணெய் வெளிவருவதற்கு மாறாகக் காற்று உட்புகும். ஒரு சொட்டும் ஒழுகாது. குழாய் உலர்ந்திருப்பதைக் கண்டு கசிவில்லை என்று முடிவு செய்தல் தவறாகும்.

இரண்டாவது நீர். 2024 வரை போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தில், விமான நிலையத்தை அடுத்துள்ளது லம்பா லைன் பகுதி. இந்நகர் ஓராண்டில் பெறும் மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். படகின் மேல்தளத்தில் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள எண்ணெய் ஊற்றும் வாய் மூடப்படாது கிடந்தால், அதன்மீது நேரே விழும் மழை மட்டும் ஆண்டிற்கு ஏறத்தாழ 6 லிட்டர் ஆகும். மேல்தளத்தில் ஓடிவரும் நீர் இக்கணக்கில் சேரவில்லை. மூடியின் இரப்பர் வளையம் வெடித்திருப்பின், இதில் ஒரு சிறு பங்கு உட்புகினும் எஞ்சினை நிறுத்தப் போதுமானது. இரவின் குளிர்ச்சியால் தொட்டிக்குள் நீராவி நீராகப் படிவதும் உண்டு. ஆனால், 100 லிட்டர் வெற்றிடத்தில் ஈரம் நிறைந்த காற்று 30 பாகையிலிருந்து 24 பாகை சென்டிகிரேடுக்குக் குளிர்ந்தால் படியும் நீர் ஒரு கிராமிற்கும் குறைவே. ஆதலின் முதலில் ஐயுற வேண்டியது மூடியையே.

மூன்றாவது அழுக்கு. நீர் எண்ணெயினும் கனமானதாகையால் தொட்டியின் அடியில் தங்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கொழகொழப்பான படலத்தை உண்டாக்கும். பாய்மரப் படகில் எஞ்சின் சிறிது நேரமே ஓடுவதால் எண்ணெய் மாதக்கணக்கில் தேங்கி, இப்படலம் வளர இடந்தருகிறது. கடல் அமைதியாக உள்ளவரை அது அடியிலேயே கிடக்கும். அலைகள் படகைக் குலுக்கும்போது கலங்கி எழுந்து வடிகட்டியை அடைக்கும். எஞ்சின் மிகவும் வேண்டப்படும் வேளையிலேயே நின்றுபோவதன் காரணம் இதுவே.

அறிகுறிகள்

மெதுவாக ஓடும்போது சீராக இருந்து, வேகம் கூட்டியதும் தளர்ந்தால் வடிகட்டி அடைபட்டிருக்கலாம். சில நிமிடங்கள் ஓடி நின்று, சற்றுப் பொறுத்து மீண்டும் ஓடினால் தொட்டியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கலாம். மூடியைத் திறக்கும்போது காற்று உட்செல்லும் ஓசை கேட்டால் ஐயம் உறுதியாகும். வேகம் ஏறியும் இறங்கியும் தடுமாறினால் காற்றோ நீரோ கலந்துள்ளது எனக் கருதலாம். எஞ்சினைச் சுழற்றும்போது சிறிதும் புகை வரவில்லையெனில் எண்ணெய் சிலிண்டரை அடையவில்லை என்பது பொருள். நிறுத்தும் கைப்பிடி இழுத்தபடியே உள்ளதா என்பதை முதலில் பார்க்க.

ஆராயும் ஒழுங்கு

எஞ்சின் நின்றவுடன் ஸ்பானரை எடுத்தல் கூடாது. முதலில் பாயை ஏற்றுக, அல்லது நங்கூரம் இடுக. படகு பாதுகாப்பான நிலையை அடைந்தபின் தொட்டியில் தொடங்கி, எண்ணெய் செல்லும் வழியிலேயே ஒவ்வொன்றாக ஆராய்க. தொட்டியில் எண்ணெய் உள்ளதா? அடைப்பான் திறந்துள்ளதா? வடிகட்டிக் கிண்ணத்தின் அடியில் நீர் தெரிகிறதா? கிளிப்புகள் இறுக்கமாக உள்ளனவா? ஒரே வேளையில் இரண்டு மாற்றங்களைச் செய்யின் எது குறையைத் தீர்த்தது என்பது விளங்காது.

ஐயம் தீராவிடின் எளிய சோதனை ஒன்று உண்டு. தூய டீசல் நிரம்பிய சிறு டப்பாவிலிருந்து தனி இரப்பர்க் குழாய் வழியே ஊட்டு பம்பிற்கு எண்ணெய் கொடுத்து, காற்றை நீக்கியபின் எஞ்சினை ஓட்டிப் பார்க்க. சீராக ஓடினால் கோளாறு தொட்டிக்கும் பம்பிற்கும் இடையே உள்ளது. ஓடாவிடின் அதற்கு அப்பால் உள்ளது. அழுத்து பம்பின் உறுப்புகளுக்கு இடையேயுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே. அதைக் கடலில் பிரிப்பது ஆகாது, பணிமனைக்கே உரியது.

காற்றை நீக்கும் முறை

வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, ஊட்டு பம்பின் கைநெம்பை இயக்குக. குமிழிகள் நீங்கி எண்ணெய் தெளிவாக வந்ததும் திருகை இறுக்குக. கைநெம்பு அசைந்தும் எண்ணெய் வராவிடின் எஞ்சினை ஒரு சுற்றுச் சுழற்றி மீண்டும் முயல்க. கேம் உயர்ந்த நிலையில் நின்றிருக்கலாம். அடுத்து அழுத்து பம்பின் திருகிலும் அவ்வாறே செய்க. இறுதியாக நாஸில் குழாய்களின் நட்டுகளைச் சிறிது தளர்த்தி, எஞ்சினைச் சுழற்றி, எண்ணெய் துள்ளியதும் இறுக்குக. காமன் ரயில் எஞ்சின்களில் இக்கடைசிச் செயலை ஒருபோதும் செய்தலாகாது. எவ்வகை எஞ்சினாயினும் நாஸிலின் தெளிப்பில் கையைக் காட்டுதல் கூடாது. அது தோலைத் துளைத்து உட்புகும்.

மற்றோர் எச்சரிக்கை: புகைக்குழாயில் கடல்நீரைக் கலந்து வெளியேற்றும் எஞ்சினை நெடுநேரம் வீணே சுழற்றினால், நீர் சைலென்சரில் நிறைந்து சிலிண்டருக்குள் திரும்பும். ஆகவே அப்போது கடல்நீர் வால்வை மூடுக. எஞ்சின் கிளம்பியவுடன் தவறாது திறக்க.

வகுப்பறையில்

ஊசியற்ற சிரிஞ்சு இரண்டினை ஒளிபுகும் குழாயால் இணைத்து நீர் நிரப்புக. ஒன்றை அழுத்தினால் மற்றது உடனே நகரும். இடையே காற்றுக்குமிழி விட்டு, இரண்டாம் சிரிஞ்சைச் சற்று இறுகப் பிடித்துக்கொண்டு அழுத்தினால், முதலில் குமிழி சுருங்குவதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர். மழைமானியின் அளவைக்கொண்டு மூடியின்மீது விழும் நீரைக் கணக்கிடுதல் மற்றொரு பயிற்சி.

புறப்படுமுன் வடிகட்டிக் கிண்ணத்தின் நீரை வடித்தல், மூடியின் வளையத்தை மாற்றுதல், மாற்று வடிகட்டியும் செப்பு வாஷர்களும் உடன்கொள்ளல் ஆகிய இம்மூன்றும் கரையில் சில நிமிட வேலையே. அச்சில நிமிடங்களைக் கரையில் செலவிடாதவர், பாறையருகே அவற்றைத் தேட நேரிடும்.