சோறா, சப்பாத்தியா என்று கேட்பதற்கு முன்

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ‘சுகர்’ என்று தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது, இரவுச் சோறு நின்று சப்பாத்தி வருவது. இரண்டோடு எழுந்தால் சரி. ஐந்தாறு உள்ளே போனால், நிறுத்திய சோற்றைவிட அதிக மாவுச்சத்து வயிற்றுக்குள் போயிருக்கும். எந்தத் தானியமானாலும் அதன் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகத்தான் மாறும். அது மெல்ல ஏறுகிறதா, சட்டென்று ஏறிக் கணையத்தை இன்சுலினுக்காக விரட்டுகிறதா என்பதுதான் கேள்வி. தானியம் எவ்வளவு அரைபட்டது, எவ்வளவு குழைந்தது, எவ்வளவு சாப்பிட்டோம், கூட என்ன சாப்பிட்டோம் என்ற நான்கையும் பார்த்தாக வேண்டும்.

செய்ய வேண்டியவை

• சில நாட்களுக்குச் சோற்றைக் கப்பால் அளந்து போடுங்கள். ஒரு கப் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து, நடுத்தரச் சப்பாத்தி ஒன்றில் 15 முதல் 20 கிராம். கண்ணளவை நம்பினால் தட்டு நிறைந்துவிடும்.

• புழுங்கலரிசியை உதிரியாக வடியுங்கள். நெல்லை அவித்துக் காயவைக்கும்போது மாவுச்சத்து இறுகுவதால், பச்சரிசியைவிட அது மெதுவாகச் செரிக்கிறது. கையில் ஒட்டும் அரிசியில் அமைலோபெக்டின் என்ற மாவுச்சத்து அதிகம். அது விரைவாகச் சர்க்கரையாகும்.

• பொரியல், கூட்டு, முட்டை, மீன் எதுவானாலும் அதை முதலில் சாப்பிட்டுவிட்டு, சோற்றைப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். அதே சாப்பாடு, அதே அளவு; வரிசையை மாற்றினாலே சர்க்கரை குறைவாக ஏறுகிறது. செலவே இல்லாத இந்த வழியை ஏன் இன்னும் உரக்கச் சொல்வதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

• மாலைப் பசிக்கு பிஸ்கட் வேண்டாம், சுண்டல் போதும். கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு எல்லாம் மெதுவாகச் செரிப்பவை.

• சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிடம் நடங்கள்.

• வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு நாள் இட்லிக்கு, இன்னொரு நாள் ரவை உப்புமாவுக்கு. ஒரே உணவு இருவருக்கு ஒரே மாதிரி ஏறுவதில்லை. உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்பதை எந்தப் பட்டியலையும்விட அந்த எண்கள் தெளிவாகச் சொல்லும்.

செய்யக்கூடாதவை

• கேழ்வரகு என்ற பெயரை மட்டும் நம்பிக் கஞ்சி குடிக்காதீர்கள். நைசாகத் திரித்த மாவு, தண்ணீராகக் காய்ச்சியது, மெல்லாமல் விழுங்குவது: மூன்றும் சேர்ந்தால் சர்க்கரை ஏறத் தடையே இல்லை. அதே கேழ்வரகில் முருங்கைக்கீரை போட்டு இரண்டு அடை தட்டுவது மேல். சாமை, வரகு என்றால் முழுதாகச் சமையுங்கள். அவையும் மாவுச்சத்துதான் என்பதால் அளவு அங்கேயும் உண்டு.

• இட்லி ஆவியில் வெந்தது, ஆகவே எத்தனையும் தின்னலாம் என்று எண்ணாதீர்கள். எண்ணெய் இல்லை என்பது உண்மை. அரைத்த அரிசி விரைவாகச் செரிக்கும் என்பதும் உண்மை. இரண்டு, மூன்றோடு நிறுத்திக் காய் நிறைந்த சாம்பாரைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

• உருளைக்கிழங்கைக் காய்க்கணக்கில் சேர்க்காதீர்கள். சோற்றுக்கு உருளை வறுவல் என்றால் தட்டில் இரண்டு பங்கு மாவுச்சத்து. சர்க்கரைவள்ளியைச் சுடுவதைவிட அவித்துச் சாப்பிடுவது நல்லது.

• ஜவ்வரிசிக் கஞ்சியை நோயாளிக்கேற்ற உணவு என்று கொடுக்காதீர்கள். சேலத்து ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து பிரித்தெடுக்கும் ஸ்டார்ச்தான் அது. நார்ச்சத்து இல்லை என்றே சொல்லலாம்.

• ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீட்டு எண்ணை மட்டும் வைத்து உணவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-இல் வெளியிட்ட இந்த அளவுகோலில் 55-உம் அதற்குக் கீழும் குறைவு, 70-உம் அதற்கு மேலும் அதிகம். ஆனால் கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் ஐஸ்கிரீம்கூட அதில் நல்ல இடம் பிடித்துவிடும்.

• இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் சோற்றைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. மருந்து வேலை செய்துகொண்டே இருக்கும். ரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கி வியர்த்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.