கடலில் வீழ்ந்த விமானிக்கு ஏற்ற உணவு

பயிற்சி விமானம் கடலின்மேல் பறக்கையில் பழுதுற்றால் விமானிக்கு இரு வழிகளே உண்டு. மெதுவாகச் செல்லும் விமானமாயின் அதனை நீர்ப்பரப்பின்மீதே இறக்கலாம். இதனை நீரிறக்கம் என்போம். ஆங்கிலச் சொல் வாய்க்காலை நினைவூட்டுவது, நமக்குப் பொருந்தாது. விரைவு ஜெட் விமானமாயின், இருக்கையோடு வெளியே எறியப்பெற்றுப் பாராசூட்டில் இறங்க வேண்டும். 2020 நவம்பர் 26-ஆம் நாள் நம் கடற்படையின் மிக்-29கே பயிற்சி விமானம் அரபிக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த இருவருள் ஒருவர் மீட்கப்பெற்றார். மற்றவரின் உடல் 11 நாட்களுக்குப் பின்னரே கிடைத்தது.

நீரில் இறங்கியவர்க்கு இரப்பர்த் தெப்பமே புகலிடம். வட அட்லாண்டிக் கடலில் குளிரே முதற்பகை. நம் வெப்பக் கடல்களிலோ வெயிலும் தாகமும் பகையாகும். ஆதலின் தெப்பத்தில் வைக்கும் உணவு பசியை ஆற்றுவதைவிட உடலின் நீரைக் காத்தல் வேண்டும்.

1961-இல் மைசூரில் நிறுவப்பெற்ற பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடம், ஆபத்தில் தனித்து விடப்பட்ட படையினர்க்கான உணவுப் பொதிகளையும் உருவாக்கியது. இத்தகைய பொதி எடை குறைந்ததாகவும், வெப்பத்தில் கெடாததாகவும், சமைக்காமலே உண்ணத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். கடலுக்கோ இவை மட்டும் போதா.

புரதம் உடலில் எரியும்போது யூரியா உண்டாகிறது. 100 கிராம் புரதத்திலிருந்து சுமார் 34 கிராம். அதனைக் கரைத்து வெளியேற்றச் சிறுநீர் வேண்டும். சர்க்கரைக்கு இத்தகைய கழிவில்லை. அது கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறிவிடுகிறது. வேறொரு நன்மையும் உண்டு. ஒன்றும் உண்ணாதவனின் உடல் தன் தசைப் புரதத்தையே எரிக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் கேம்பிள் தொண்டர்களிடம் நடத்திய ஆய்வில், நாளொன்றுக்கு 100 கிராம் குளுக்கோஸ் இவ்விழப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. நீரின் செலவும் குறைந்தது. ஆகவே குடிநீர் அரிதாயின் சர்க்கரை மிட்டாய் நன்று. கடலை மிட்டாய் அவ்வளவு நன்றன்று. பிடித்த மீனைத் தின்பதும் தாகத்தை மிகுவிக்கும். பசித்தவனிடம் இதைக் கூறுவது எளிதன்று. ஆயினும் கரையோரப் பணியாளர் மீனவர்க்கு இதனை விளக்கியுரைத்தல் வேண்டும்.

கடல்நீரைக் குடித்தலோ பெருந்தீங்கு. ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. அதை வெளியேற்ற ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் சிறுநீர் கழிய வேண்டும். எஞ்சிய அரை லிட்டரை உடல் தன் திசுக்களிலிருந்தே தருகிறது.

ஆசிரியர்கள் இதன் அடிப்படையை வகுப்பில் காட்டலாம். ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் சமையலுப்பைக் கரைத்து, உருளைக்கிழங்குத் துண்டொன்றை எடையிட்டு அதில் இடுக. அதே அளவுள்ள மற்றொரு துண்டை வெறும் நீரில் இடுக. சில மணி நேரம் கழித்து இரண்டையும் துடைத்து மீண்டும் எடையிட்டால், உப்புநீரிலிருந்த துண்டு துவண்டு எடை குறைந்திருக்கும்; மற்றது விறைப்பாக இருக்கும்.